வீட்டில் மாதிரி ராக்கெட் செய்யலாம், மோட்டாரை மட்டும் வாங்குங்கள்

காகிதக் குழாய், லேசான மரம், கொஞ்சம் பசை, ஒரு பிளாஸ்டிக் தாள். இவ்வளவு இருந்தால் நூறு மீட்டர் உயரம் போய், பாராசூட் விரித்து, சேதமில்லாமல் இறங்கி, மறுபடியும் பறக்கத் தயாராக இருக்கும் ஒரு ராக்கெட்டை நீங்களே செய்துவிடலாம். ஒரே ஒரு பாகத்தை மட்டும் செய்யக் கூடாது. அது மோட்டார், அதாவது உள்ளே மருந்து எரிந்து ராக்கெட்டை உந்தும் பாகம்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1957-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்காவில் பல சிறுவர்கள் வீட்டிலேயே எரிபொருள் கலந்து, உலோகக் குழாயில் அடைத்து ராக்கெட் விடப் பார்த்தார்கள். கை போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. அதற்கு மாற்று வழி அதற்கு முன்பே பிறந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இல், மாதிரி விமானங்களில் ஈடுபாடுள்ள தன் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து, காகிதமும் பால்சா என்ற மிக லேசான மரமும் கொண்டு ஒரு சின்ன ராக்கெட்டைச் செய்தார். அதன் மோட்டார் தனிப் பொருள். ஒருமுறை எரிந்ததும் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் இதன் அருமையைப் புரிந்துகொண்டு பரப்பினார். 1958-இல் வெர்ன் எஸ்டஸ் இந்த மோட்டார்களைச் செய்ய ஒரு இயந்திரத்தையே உருவாக்கினார். ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டார் வந்து விழுந்தது. இன்றைக்கு இந்தப் பொழுதுபோக்கு பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியிருப்பதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம். எனவே பட்டாசு மருந்தைப் பிரித்து அடைப்பது, பழைய மோட்டாரில் மருந்து நிரப்புவது, வாங்கிய மோட்டாரைத் துளைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். உங்கள் கைத்திறமையைக் காட்ட மீதி ராக்கெட் முழுவதும் இருக்கிறது.

இன்னொரு வேலையையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். மோட்டாரை வாங்கவும் வைத்திருக்கவும் ஏவவும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். சில இடங்களில் அது விளையாட்டுப் பொருள், சில இடங்களில் வெடிபொருள், வாங்கவே உரிமம் வேண்டியிருக்கும். வான்வெளி விதிகளும் உண்டு. பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ராக்கெட் குழு ஏதாவது இருந்தால் அதில் சேர்வதுதான் எல்லாவற்றையும்விட எளிய வழி. அனுமதி, மைதானம், அனுபவம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்.

மோட்டாரின் மேல் எழுதியிருப்பது

ராக்கெட்டின் அளவை மோட்டார்தான் முடிவு செய்யும். அதனால் அதன் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பி6-4 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து, மோட்டார் தரும் மொத்த உந்தத்தின் வகுப்பு. ஏ வகுப்பு 1.26 முதல் 2.50 நியூட்டன்-நொடி வரை, பி வகுப்பு 5 வரை, சி வகுப்பு 10 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இரட்டிப்பாகும். நடுவில் உள்ள 6, சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பது. 5 நியூட்டன்-நொடியை 6-ஆல் வகுத்தால் எரியும் நேரம் கிடைக்கும்: ஒரு நொடிக்கும் குறைவு! ராக்கெட் மேலே போகும் நேரத்தில் பெரும்பகுதி, மோட்டார் அணைந்த பிறகு வேகத்தின் மிச்சத்தில் போவதுதான்.

கடைசியில் உள்ள 4, எரிந்து முடிந்ததும் எத்தனை நொடி தாமதம் என்பது. அந்த நொடிகளில் ஒரு புகை மருந்து மெதுவாக எரியும். அது தீர்ந்ததும் மோட்டாரின் முன்பக்கம் ஒரு சிறு வெடி வெடித்து மூக்கைத் தள்ளிவிட்டுப் பாராசூட்டை வெளியேற்றும். ராக்கெட் உச்சியில் ஏறக்குறைய நிற்கும் நேரமும் இந்த வெடியும் ஒத்துப்போக வேண்டும். தாமதம் குறைந்தால் வேகமாக ஏறும்போதே பாராசூட் வெளிவந்து கிழியும். அதிகமானால் தலைகீழாக விழும்போது விரியும். கடைசி எண் 0 என்று இருந்தால் அது பல அடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கானது, அதில் பாராசூட்டைத் தள்ளும் வெடி கிடையாது. புதியவர்கள் தொட வேண்டாம்.

முதல் ராக்கெட்டுக்கு ஏ8-3 போதும். 18 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம் கொண்ட கரிமருந்து மோட்டார் அது. மோட்டாரோடு சேர்த்து 50 கிராம் எடையுள்ள ராக்கெட்டை அது சுமார் 70 மீட்டர் ஏற்றும். குறைச்சலாகத் தோன்றலாம். ஆனால் ராக்கெட் கண்ணை விட்டு மறையாது, எங்கே விழுகிறது என்று தெரியும், என்ன தவறு நடந்தாலும் பார்க்கலாம். முதல் தடவையே சி மோட்டார் போட்டுத் தொலைத்துவிடுவதில் ஒரு பயனும் இல்லை.

உடல், மூக்கு, மோட்டார் கூடு

முதலில் எளிய ராக்கெட் ஒன்றைச் செய்வோம். உண்மை ராக்கெட்டின் அச்சு அசல் மாதிரிக்குப் பிறகு போகலாம்.

உடலுக்கு 25 மி.மீ. விட்டமும் 30 முதல் 35 செ.மீ. நீளமும் உள்ள காகிதக் குழாய். கிடைக்காவிட்டால், சரியான விட்டமுள்ள வழவழப்பான கம்பு அல்லது குழாயின் மேல் முதலில் ஒரு சுற்று வெறும் தாள், அதன்மேல் பசை தடவிய பழுப்புத் தாளை மூன்று நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். வெறும் தாள் இருப்பதால் குழாய் கம்பில் ஒட்டாமல் கழன்று வரும். ஒரு நாள் காயவிட்டு இரு முனைகளையும் நேராக வெட்டுங்கள். உலோகக் குழாய் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மூக்கு, உடல், சிறகு எல்லாமே காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற லேசான பொருளில்தான் இருக்க வேண்டும். அவை உடைந்தால் யாரையும் குத்தாது.

மூக்கைப் பால்சா மரத்தில் உப்புத்தாளால் தேய்த்து உருவாக்கலாம், முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ஊசி போலக் கூராக இருக்க வேண்டியதில்லை. இந்த வேகத்தில் முட்டை வடிவ முனைதான் காற்றுக்கு நல்லது, கண்ணுக்கும் பாதுகாப்பு. மூக்கின் அடிப்பகுதி குழாய்க்குள் தளர்வாகவும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல் உட்கார வேண்டும். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் தொங்க வேண்டும், லேசாக உதறினால் கழன்று விழ வேண்டும்.

மோட்டார் 18 மி.மீ., உடல் 25 மி.மீ. என்பதால் உள்ளே ஒரு சிறு குழாயும், அதை நடுவில் நிறுத்த இரண்டு அட்டை வளையங்களும் தேவை. சிறு குழாயின் முன்முனையில் ஒரு தடித்த வளையத்தை ஒட்டுங்கள். மோட்டார் முன்னால் பாய்ந்து குழாய்க்குள் புகாமல் தடுப்பது அதுதான். பின்னால் நழுவாமல் இருக்க ஒரு மெல்லிய எஃகுக் கொக்கி வேண்டும். கொக்கி இல்லாவிட்டால் மேலே வெடி வெடிக்கும்போது பாராசூட்டுக்குப் பதில் மோட்டார் வெளியே பறக்கும், ராக்கெட் அப்படியே தலைகுப்புற வந்து விழும்.

சிறகுகள்

இதில் நேரம் செலவழியுங்கள். நேராகப் பறக்குமா என்பதில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

2 முதல் 2.5 மி.மீ. தடிமனுள்ள பால்சாப் பலகையில் மூன்று அல்லது நான்கு சிறகுகளை வெட்டுங்கள். உடலோடு ஒட்டும் பக்கம் 5 செ.மீ., வெளியே நீட்டுவது 4 முதல் 5 செ.மீ. என்று தொடங்கலாம். மரத்தின் ரேகை, சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். இதைக் கவனிக்காமல் ரேகை உடலுக்கு இணையாகப் போகும்படி வெட்டினால், பார்க்க ஒன்றும் தெரியாது, முதல் தரையிறக்கத்தில் சிறகு ரேகையோடு பிளந்துவிடும். எல்லாச் சிறகுகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பிடித்து விளிம்புகளைத் தேய்த்தால் ஒரே அளவாக வரும். அப்புறம் தனித்தனியாக முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பை மெலிதாகவும் தேய்க்கலாம். உடலோடு ஒட்டும் விளிம்பை மட்டும் தேய்க்காதீர்கள், அது தட்டையாகவே இருக்கட்டும்.

இடம் குறிக்க ஒரு தாள் பட்டையைக் குழாயைச் சுற்றி, சேரும் இடத்தில் வெட்டி, விரித்து, மூன்றாகவோ நான்காகவோ மடியுங்கள். மடிப்புகளைக் குழாயில் குறியுங்கள். அந்தப் புள்ளிகளிலிருந்து நேர்கோடு இழுக்க, ஒரு கதவுச் சட்டத்தின் மூலையிலோ எல் வடிவக் கம்பியிலோ குழாயைப் படுக்க வைத்து அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் போதும்.

ஒட்டுவதற்கு வெள்ளை மரப்பசையே சிறந்தது. காகிதத்தையும் மரத்தையும் அது நாரோடு நாராகப் பிடிக்கும். சிறகின் விளிம்பிலும் குழாயிலும் மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். பிறகு மறுபடி ஒரு பூச்சு பூசி அழுத்திப் பிடித்தால் சில நொடிகளிலேயே நிற்கும். பின்பக்கமிருந்து பார்த்து எல்லாம் சம கோணத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் இரு பக்க மூலைகளிலும் விரலால் பசையை வழித்துவிடுங்கள். அந்த வளைந்த பசைக் கோடுதான் மூட்டின் பலம்.

இரண்டு சிறகுகளுக்கு நடுவே வரும் கோட்டில், ஈர்ப்பு மையம் (ராக்கெட் சமமாக நிற்கும் புள்ளி) வரப்போகும் இடத்துக்குப் பக்கமாக, 5 செ.மீ. நீளத்தில் ஒரு மெல்லிய குழலை ஒட்டுங்கள். ஏவும்போது ராக்கெட்டை நேராக நடத்தும் 3 மி.மீ. ஏவுகம்பி அதற்குள் தடையின்றி வழுக்க வேண்டும். குழல் உடலுக்குச் சற்றும் கோணாமல் இருக்கட்டும்.

இறங்குவதற்கான ஏற்பாடு

30 செ.மீ. அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை அறுகோணமாக வெட்டி ஆறு மூலைகளிலும் நூல் கட்டினால் பாராசூட். மூலைகளில் ஒட்டுநாடாவால் பலப்படுத்திக்கொள்ளுங்கள். 40 கிராம் எடையை இது நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் இறக்கும். பெரிதாகச் செய்தால் இன்னும் மெதுவாக இறங்குமே என்று தோன்றும். 100 மீட்டர் உயரத்திலிருந்து இந்த வேகத்தில் இறங்க ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும், நொடிக்கு 4 மீட்டர் காற்று வீசினால் அதற்குள் ராக்கெட் 100 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். பாராசூட்டைப் பெரிதாக்கினால் நடைதான் கூடும். சின்ன மைதானம் என்றால் பாராசூட்டே வேண்டாம், 5 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் உள்ள ஒரு காகித நாடாவே போதும்.

மூக்கையும் உடலையும் இணைக்க, உடல் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமான எலாஸ்டிக் நாடா வேண்டும். குட்டையாக இருந்தால் வெடியில் தெறித்த மூக்கு திரும்பி வந்து குழாயின் வாயையே அடித்துக் கிழிக்கும். நாடாவின் ஒரு முனையைச் சிறு தாளில் வைத்து மூன்றாக மடித்து ஒட்டி, அந்த மடிப்பைக் குழாயின் உட்சுவரில், மூக்கு உட்காரும் ஆழத்துக்குக் கீழே ஒட்டுங்கள்.

நேராகப் பறக்குமா? இதைச் சோதிக்காமல் ஏவக் கூடாது

ஒவ்வொரு ராக்கெட்டிலும் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று ஈர்ப்பு மையம், விரல்மேல் வைத்தால் சமமாக நிற்கும் இடம். மற்றொன்று அழுத்த மையம், பக்கவாட்டில் மோதும் காற்றின் விசையெல்லாம் ஒன்றுகூடிச் செயல்படுவதுபோல் தோன்றும் இடம். பறக்கும் ராக்கெட் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால், மூக்கு விலகும்போதெல்லாம் காற்று வாலைத் தள்ளி நேராக்கும். அம்பின் வாலில் இறகு கட்டுவது இதற்காகத்தான். அழுத்த மையம் முன்னால் போய்விட்டால் அதே காற்று ராக்கெட்டைப் புரட்டிவிடும். அது எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் புதிய மோட்டார், பாராசூட், தீத்தடுப்புத் தாள் எல்லாவற்றையும் உள்ளே வைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். மோட்டாரின் எடை வாலில் இருப்பதால் அது இல்லாமல் பார்த்த கணக்கு செல்லாது. ஏ மோட்டாருக்குச் சரியாக இருந்த ராக்கெட், கனமான சி மோட்டார் போட்டதும் நிலைதடுமாறலாம்.

அழுத்த மையத்துக்கு ஒரு பழைய முறை: ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பாருங்கள். உண்மையான புள்ளியைவிட இது சற்று முன்னால்தான் காட்டும், அதனால் தவறினாலும் பாதுகாப்பின் பக்கமாகவே தவறும். துல்லியம் வேண்டுவோருக்கு ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் தந்த சமன்பாடுகள் இருக்கின்றன. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் அதுவே கணக்கிட்டு, எவ்வளவு உயரம் போகும், எந்தத் தாமதம் பொருந்தும் என்றும் சொல்லிவிடும். மரத்தை வெட்டுவதற்கு முன்பே அதில் ஒருமுறை பறக்கவிட்டுப் பாருங்கள்.

ஈர்ப்பு மையம், அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு உடல் விட்டத் தூரம் இருக்க வேண்டும். நம் ராக்கெட்டுக்கு அது 25 மி.மீ. இரண்டு விட்டத்தை மிகவும் தாண்டினாலும் நல்லதல்ல, காற்று வீசும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு சாய்வாக ஓடும். போதவில்லை என்றால் மூக்குக்குள் கொஞ்சம் களிமண் வையுங்கள், அல்லது சிறகைப் பெரிதாக்குங்கள்.

கடைசியாக ஒரு சுழற்றுச் சோதனை. முழுவதும் தயாரான ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தில் இரண்டு மூன்று மீட்டர் நூலைக் கட்டி, நழுவாமல் ஒட்டி, திறந்த இடத்தில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். பற்றவைப்பான் செருகியிருக்கக் கூடாது. மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டு சுற்றினால் ராக்கெட் தயார். புரண்டாலோ வால் முன்னால் வந்தாலோ மறுபடி மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மைதானமும் ஏவுமேடையும்

ஏ மோட்டாருக்கு 30 மீட்டர், பி-க்கு 60, சி-க்கு 120 மீட்டர் என்பது மைதானத்தின் குறுகிய பக்கத்துக்கு அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி சொல்லும் குறைந்தபட்ச அளவு. முடிந்தால் இதைவிடப் பெரிய இடம் தேடுங்கள். மரம், மின்கம்பி, சாலை, காய்ந்த புல் பக்கத்தில் இருக்கக் கூடாது. மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் காற்று வீசினால் ஏவவே கூடாது. புதியவர்களுக்கு அதில் பாதியே அதிகம் என்பேன். காலை நேரத்தில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

மேடை என்பது அசையாத ஒரு அடித்தளம், 90 செ.மீ. நீள 3 மி.மீ. எஃகுக் கம்பி, கீழே தீப்பிழம்பைத் திருப்பிவிட ஒரு உலோகத் தகடு. சிறகுகள் காற்றைப் பிடிக்கும் வேகம் வரும்வரை ராக்கெட்டை நேராக நடத்துவது கம்பிதான். கம்பியின் நுனி கண் உயரத்தில் இருந்தால் ஆபத்து. குனிந்து வேலை செய்யும்போது அதன்மேல் ஒரு மூடி போட்டு வையுங்கள்.

பற்றவைப்பது மின்சாரத்தால் மட்டுமே. திரி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். மின்கலம், கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பாதுகாப்புச் சாவி, விரலை எடுத்ததும் தானே அணையும் பொத்தான், 5 மீட்டருக்குக் குறையாத கம்பி, முனையில் இரண்டு கவ்விகள். கட்டுப்பாட்டுப் பெட்டி இவ்வளவுதான்.

ஏவும் வரிசை

1. முதலில் தீத்தடுப்புத் தாளைக் கசக்கி உடலுக்குள் தள்ளுங்கள். வெடியின் சூடு பாராசூட்டை உருக்காமல் தடுப்பது இதுதான். சாதாரணத் தாளைப் போட்டால் எரிந்துகொண்டே தரையில் விழும்.

2. அடுத்து எலாஸ்டிக் நாடா, அதன்மேல் முகப்பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டிய பாராசூட், கடைசியில் மூக்கு. பின்பக்கம் வாயை வைத்து ஊதினால் மூக்கும் பாராசூட்டும் கழன்று வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு இறுக்கமாக இருக்கிறது.

3. மோட்டாரைச் செருகிக் கொக்கி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ராக்கெட்டைக் கம்பியில் மாட்டிய பிறகே பற்றவைப்பானை மோட்டாரின் வாயில் மருந்தைத் தொடும்படி வைத்து அடைப்பானால் நிறுத்துங்கள்.

4. சாவி உங்கள் பையில் இருக்கும்போது மட்டும் கவ்விகளை மாட்டுங்கள். இரண்டு கவ்விகளும் ஒன்றையொன்றோ தகட்டையோ தொடக் கூடாது.

5. எல்லோரும் 5 மீட்டர் தள்ளி நின்றபின், வானத்தில் விமானம் எதுவும் இல்லை என்று பார்த்து, சாவியைப் போட்டு, ஐந்திலிருந்து உரக்க எண்ணிப் பொத்தானை அழுத்துங்கள்.

பற்றவில்லையா? சாவியை எடுங்கள். ஒரு முழு நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. பெரும்பாலும் பற்றவைப்பான் மருந்தைத் தொடாததுதான் காரணமாக இருக்கும்.

இறங்கும் ராக்கெட்டைக் கையால் பிடிக்க ஓடாதீர்கள். மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் அதை மறந்துவிடுங்கள், கம்பும் ஏணியும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

உயரத்தை அளக்க விருப்பமானால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்துங்கள். ஒரு கோணமானியின் நடுவில் நூலும் கனமும் தொங்கவிட்டு, உச்சியைக் குறிபார்த்து ஏற்றக் கோணத்தை அவர் படிக்கட்டும். கோணத்தின் டேன் மதிப்பை 100-ஆல் பெருக்கினால் உயரம். 35 பாகை என்றால் 70 மீட்டர், 45 என்றால் 100.

உண்மை ராக்கெட்டின் மாதிரி

எளிய ராக்கெட் சில தடவை நன்றாகப் பறந்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். கணக்கைக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும். உங்களிடம் 33 மி.மீ. குழாய் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட்டைச் செய்ய ஆசை என்று வைத்துக்கொள்வோம். அசலின் விட்டம் 1.65 மீட்டர், ஆகவே விகிதம் 1:50. அசலின் 14 மீட்டர் நீளம் 28 செ.மீ. ஆகும், 3.56 மீட்டர் சிறகு விரிவு 7.1 செ.மீ. ஆகும். இப்படி ஒவ்வொரு பாகத்தையும் 50-ஆல் வகுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வி-2-இன் உடல் முழுவதும் வளைவு என்பதால் அதைக் குழாயில் செய்வது கடினம், அதை மூன்றாவது நான்காவது மாதிரியாக வைத்துக்கொள்வது நல்லது. மேல்வளி ஆராய்ச்சிக்கு ஏவப்பட்ட ஒலிப்பு ராக்கெட்டுகள்தான் தொடக்கத்துக்குச் சரி: நேரான உடல், எளிய மூக்கு, பெரிய சிறகுகள்.

பெரிய சிறகு என்று சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெரிய ஏவுகலங்கள் எஞ்சினையே திருப்பித் தங்களை நேராக்கிக்கொள்கின்றன. நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன்-5-இன் சிறகுகள் அதன் 110 மீட்டர் உயரத்துக்கு மிகவும் சின்னவை. டைட்டன்-2 என்ற இன்னொரு அமெரிக்க ராக்கெட்டுக்குச் சிறகே கிடையாது. அதை அப்படியே சிறிதாக்கினால் நிச்சயம் புரளும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: மூக்கில் கனம் சேர்ப்பது, சிறகைக் கொஞ்சம் பெரிதாக்குவது, அல்லது நிறமற்ற பிளாஸ்டிக்கில் கூடுதல் சிறகு வைப்பது. தோற்றத்தைக் கெடுக்காததால் எனக்குக் கடைசி வழிதான் பிடிக்கும். கனம் சேர்த்தால் மோட்டாரையும் பாராசூட்டையும் அதற்கேற்ப மாற்றிக் கணக்கிட வேண்டும். மோட்டாரின் சராசரி உந்துவிசை, ராக்கெட் எடையைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நிறம் தீட்டும்போது பொதுவாக ஒரு ராக்கெட் வகையை எடுத்துக்கொள்ளாமல், குறிப்பிட்ட நாளில் பறந்த ஒரே ஒரு ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்து அதன் படங்களைச் சேகரியுங்கள். ஒரே வகையிலும் ஒவ்வொன்றின் பட்டையும் எழுத்தும் வேறு வேறு. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அலங்காரத்துக்கு இல்லை, பறக்கும்போது ராக்கெட் தன் அச்சில் எவ்வளவு சுழல்கிறது என்று ஒளிப்படக் கருவி பார்ப்பதற்காகத் தீட்டியவை. அதனால் அவற்றின் இடம் மாறக் கூடாது. வாலில் ஏற்றும் ஒவ்வொரு பூச்சும் ஒவ்வொரு சின்ன அலங்காரமும் ஈர்ப்பு மையத்தைப் பின்னால் இழுக்கும். வண்ணம் காய்ந்ததும் மோட்டாரைச் செருகி அந்தப் புள்ளியை மறுபடி அளந்து, நூலில் கட்டி இன்னொரு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு ஏவுங்கள்.